ஓடிப்போட்டாளுங்க

நடைப் போட்டியை முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்று வரைக்கும் எழுந்திருக்காமல் பார்க்கிற ஆள் கோயமுத்தூர் ஜில்லாவிலேயே நான் ஒருத்திதான் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். கேலிக்குத்தான் சொல்வார். நான் அதைப் பட்டமாகவே வாங்கிக்கொண்டேன். உலகத் தடகளப் போட்டி தொடங்கிவிட்டால் முடிகிறவரை எங்கள் வீட்டு டிவி என் வசம். நூறு மீட்டர் ஓட்டம் எனக்குத் தேவையில்லை, அதைப் பார்க்க ஊரே இருக்கிறது. எனக்குச் சங்கிலிக் குண்டு எறிகிறவர்கள் வேண்டும். மும்முறைத் தாண்டுதல் வேண்டும். நீர்க்குழியில் விழுந்து எழுந்து, நனைந்த ஷூவோடு மூவாயிரம் மீட்டர் ஓடுகிறவர்கள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் எனக்கு நடை வேண்டும்.

டிவிக்காரர்கள் செய்கிற அநியாயம் கொஞ்சநஞ்சமில்லை. நூறு மீட்டர்காரர் கழுத்துச் சங்கிலியைச் சரிசெய்வதை மூன்று கோணத்தில் காட்டுவார்கள். அதே நேரத்தில் மைதானத்தின் இன்னொரு மூலையில் ஒரு பெண் நாலு சுற்றுச் சுழன்று குண்டை விட்டிருப்பாள். குண்டு மேலே போவதைக் காட்டி, கீழே விழுவதற்குள் விளம்பரம் போட்டுவிடுவார்கள். எங்கே விழுந்தது என்று தெரிந்துகொள்ள நான் செல்போனை எடுத்துத் தேட வேண்டும். நடைப் போட்டி என்றால் கேட்கவே வேண்டாம். ஆரம்பத்தில் ஐந்து நிமிஷம், முடிவில் ஐந்து நிமிஷம். நடுவில் அவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பதில் யாருக்கும் அக்கறையில்லை. அதனால் டிவியில் செல்போனை இணைத்து, இணையத்தில் வருகிற நேரடி ஒளிபரப்பைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் வேலை பார்க்கிறவளுக்கு ஒரு ஒயரைச் சொருகத் தெரியாதா.

நடைப் போட்டியில் விதி இரண்டுதான். ஏதாவது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். முன்னால் வைக்கிற கால் முட்டி மடங்காமல் நேராக வர வேண்டும். இந்த இரண்டையும் காப்பாற்றிக்கொண்டு வேகமாகப் போனால் இடுப்பு ஆடத்தான் செய்யும். யாரும் வேண்டுமென்று ஆட்டுவதில்லை. இதை எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

கல்லூரியில் படிக்கும்போது நான் இந்த நடை நடந்தவள். ஊர் கிணத்துக்கடவு. காலையில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே போகிற ரோட்டில் பழகுவேன். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் ரோட்டில் வேகமாக நடந்தால் அவள் பஸ்ஸை விட்டுவிட்டாள் என்று அர்த்தம். ஒரு கிலோமீட்டர் போவதற்குள் நாலு வண்டி நிற்கும். "ஏனுங்க அம்மணி, பஸ்ஸ உட்டுட்டீங்களா? ஏறுங்க, கொண்டுபோய் உட்டர்றனுங்க." மரியாதையான மனிதர்கள். வேண்டாமென்றால் மனசு நொந்துபோவார்கள். ஒரு பெரியவர் டிராக்டரை என் வேகத்துக்கே ஓட்டிக்கொண்டு, ஏறச் சொல்லிக் கெஞ்சியபடி அரைக் கிலோமீட்டர் கூடவே வந்தார். அதெல்லாம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மூன்றாம் ஆண்டில் பாலக்காட்டில் கல்லூரிகளுக்கான போட்டி நடந்தது. ஐந்து கிலோமீட்டர் நடை. கடைசிச் சுற்றில் நான் இரண்டாவதாக இருந்தேன். முன்னால் போனவளின் ஜடை கையை நீட்டினால் தொடும் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அப்போது நடுவர் குறுக்கே வந்து சிவப்பு அட்டையைக் காட்டினார். மூன்றாவது அட்டை. அந்தக் காலத்தில் மூன்று விழுந்தால் அங்கேயே வெளியேற வேண்டும். இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்பிவிட்டன என்பது தீர்ப்பு. அதாவது நடக்க வேண்டியவள் ஓடிவிட்டேன். புல்லில் உட்கார்ந்து அழுதேன்.

நான் அழுத அழுகையைப் பார்த்துப் பயந்துபோன எங்கள் பி.டி. டீச்சர், அவர் அவிநாசிப் பக்கம், ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து எங்கள் தேங்காய் மண்டிக்குப் போன் போட்டார். வீட்டில் போன் கிடையாது. எடுத்தவர் என் அண்ணன். மண்டி வாசலில் லாரி உறுமிக்கொண்டிருந்தது, காய் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் சொன்னது இது:

"உங்க ஊட்டுப் புள்ள கடைசிச் சுத்துல ஓடிப்போட்டாளுங்க. அதான் வெளிய அனுப்பிப்போட்டாங்க. நெம்ப அழுவறா. சாயங்காலம் உக்கடத்துக்கு யாராச்சும் வந்து கூட்டிட்டுப் போங்க."

எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் 'போட்டு' போடுவோம். தின்னுபோட்டேன், தூங்கிப்போட்டேன், மறந்துபோட்டேன். ஓடிப்போட்டாள் என்றால் ஓடிவிட்டாள், அவ்வளவுதான். லாரி இரைச்சலில் என் அண்ணன் காதில் விழுந்தது 'ஓடிப்போயிட்டாளுங்க'. இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதற்குப் பிறகு டீச்சர் சொன்ன எதையும் கேட்காமல் போனை வைத்துவிட்டார். இவ்வளவு கோபத்திலும் அவரை 'அர்' போட்டுத்தான் எழுதுகிறேன் பாருங்கள், வளர்ப்பு அப்படி.

ஓடிப்போனால் யாருடனாவது ஓடியிருக்க வேண்டும் அல்லவா. கல்லூரிக்குப் போகிற மினி பஸ் கண்டக்டர் என்னிடம் ஒரு நாள் சிரித்துப் பேசியதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாலு பேர் வேனில் கிளம்பிப் போய் மினி பஸ்ஸை மறித்தார்கள். அந்த ஆள் பஸ்ஸுக்குள் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். அவர் இங்கே இருக்கிறார் என்றால் நான் ஓடவில்லை என்று யாருக்கும் தோன்றவில்லை. அப்படியானால் வேறு யார் என்று தேடத் தொடங்கினார்கள்.

நான் சாயங்காலம் உக்கடம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். யாரும் வந்திருக்கவில்லை. நானே பொள்ளாச்சி பஸ் ஏறி ஊரில் இறங்கினேன். பஸ் நிறுத்தத்து டீக்கடையில் அத்தனை பேரும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தார். என்னைக் கண்டதும் முதலில் அவர் என் கழுத்தைத்தான் பார்த்தார். தாலி இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். நம்பர் துணி குத்திய ஊக்கு ஒன்று மட்டும் சட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் டீச்சர் வீட்டுக்கே வந்து விளக்கிச் சொன்னார். எல்லோருக்கும் புரிந்தது. எல்லோரும் சிரித்தார்கள். டீச்சருக்குக் காபி கொடுத்து, இரண்டு தேங்காயும் கொடுத்து அனுப்பினோம். ஆனால் சொன்ன சொல் ஊருக்குள் போய்விட்டது. ஓடிப்போனவள் திரும்பி வந்துவிட்டாள் என்று பேசினார்களே தவிர, ஓடவேயில்லை என்று யாரும் பேசவில்லை. பேர் கெட்டுப்போச்சு என்றார் அப்பா. அதற்குப் பிறகு என்னை எந்தப் போட்டிக்கும் அனுப்பவில்லை. ஷூவை யார் எடுத்து எங்கே போட்டார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. அதிலிருந்து எட்டாவது மாதம் எனக்குக் கல்யாணம். என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். அது என் அதிர்ஷ்டம். அவர்கள் ஆற அமர யோசித்துச் செய்த காரியம் இல்லை.

அண்ணனுக்கு இது ஒரு நகைச்சுவைத் துணுக்காகிவிட்டது. சீர், காதுகுத்து, கல்யாணம் என்று ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் கூடுகிற இடத்திலெல்லாம், "எங்க அம்மணி ஒருக்கா ஓடிப்போனவ, தெரியுங்களா?" என்று ஆரம்பிப்பார். இலையில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் சிரிப்பார்கள். பாயச வாளியைப் பிடித்துக்கொண்டு நானும் சிரித்திருக்கிறேன். இருபத்தாறு வருஷம் சிரித்திருக்கிறேன். அவர் சொன்னதைவிட நான் சிரித்ததற்குத்தான் என் மேல் எனக்கு அதிகக் கோபம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மறுபடி நடக்க ஆரம்பித்தேன். டாக்டர் சொல்கிற நடையில்லை. பழைய நடை. உக்கடம் பெரிய குளத்து நடைபாதையில் காலை ஆறு மணிக்கு ஷூ மாட்டிக்கொண்டு இறங்குவேன். எதிரில் வருகிறவர்கள் முதலில் பார்ப்பார்கள், பிறகு மரியாதைக்குக் குளத்தைப் பார்ப்பார்கள். இந்த வருஷம் ஈரோட்டில் நடக்கிற மூத்தோர் தடகளப் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்கள், ஐந்து கிலோமீட்டர் நடை.

போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் ஒரு சாக்கு இளநீரோடு வீட்டுக்கு வந்தார். உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் இருபது கிலோமீட்டர் நடை தொடங்கப் பத்து நிமிஷம் இருந்தது. ஐரோப்பாவில் எங்கோ காலை ஏழரை, எங்கள் வீட்டில் பதினொரு மணி. அண்ணன் உட்கார்ந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு விஷயத்துக்கு வந்தார்.

"ஈரோட்டுக்குப் போறியாமா. மாப்ள சொன்னாரு."

என் வீட்டுக்காரர் இளநீர் வெட்டுவதற்காகச் சமையலறைக்குள் போனவர், பிறகு வெகுநேரம் வெளியே வரவில்லை.

"ஆமாங்ணா."

"என்ற பையன் கல்யாணம் முடியட்டும் அம்மணி. அதுக்கப்பறம் நீ நட, பற, நான் ஏன்னு கேக்க மாட்டேன். பொண்ணோட மாமன் உன்னயக் கொளத்து மேட்டுல பாத்துப்போட்டாரு. 'தங்கச்சிக்கு இடுப்புல ஏதாச்சும் நோவுங்களா, நம்மகிட்ட நல்ல எலும்பு டாக்டர் இருக்காருங்க'ங்கறாரு. வம்சத்துல இருக்குதான்னு கேக்காம கேக்கறாங்க. சென்னிமலைக்காரங்க, பெட்ஷீட் யாவாரம், நல்ல எடம். நான் என்னன்னு சொல்லட்டும்?"

"தங்கச்சி நடைப் போட்டிக்குப் பழகறான்னு சொல்லுங்க."

"அதுக்கு நோவுன்னே சொல்லிப்போடலாம்."

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. ஆனால் டிவியில் பெண்கள் கோட்டுக்கு வந்து நின்றுவிட்டார்கள். "அண்ணா, ஒண்ணு பண்ணுங்க. இத மொதல் சுத்துல இருந்து கடைசி வரைக்கும் என்கூட உக்காந்து பாருங்க. அப்பறமும் போகாதன்னு நீங்க சொன்னா, நான் கேக்கறேன்" என்றேன். காது கொடுத்துக் கேட்பதாகத்தான் சொன்னேன். கட்டுப்படுவதாகச் சொல்லவில்லை. அவர் எந்தக் கேட்பது என்று கேட்கவில்லை, வழக்கம்போல.

ஒரு கிலோமீட்டர் சாலை, அதை இருபது தடவை சுற்ற வேண்டும். முதல் சுற்றில் அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "வாத்துக் கூட்டமாட்ட போறாங்க." மூன்றாவது சுற்றில் செல்போனைப் பார்த்தார். ஆறாவது சுற்றில் ஒருத்தி வாந்தி எடுத்தாள், எடுத்துக்கொண்டே நடந்தாள். அண்ணன் செல்போனைக் கீழே வைத்தார். பத்தாவது சுற்றில் காலை மடக்கி சோபாமேல் வைத்துக்கொண்டு, சாலையோரத்தில் இருந்த பலகையில் என்ன எழுதுகிறார்கள் என்று கேட்டார். யாருக்கு எத்தனை சிவப்பு அட்டை என்று எழுதுகிறார்கள் என்றேன். எந்த நாடோ, பச்சைச் சட்டை போட்ட ஒரு குட்டைப் பெண்ணுக்கு அதற்குள் இரண்டு விழுந்திருந்தது. அண்ணனுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அவள் வரும்போதெல்லாம், "வா கண்ணு, வா, வா" என்றார்.

பதினான்காவது சுற்றில் அவளுக்கு மூன்றாவது அட்டை வந்தது. சாலையோரத்தில் கயிறு கட்டிய ஒரு சின்ன இடத்துக்குள் போய் நின்றாள். மற்றவர்கள் அவளைக் கடந்து போனார்கள்.

"ஏன் நின்னுபோட்டா?"

"தண்டனைங்ணா. ரெண்டு நிமிசம் நிக்கோணும்."

"அப்பறம்?"

"அப்பறம் மறுபடியும் நடக்கலாம்."

"அவ்வளவுதானா?" என்றார். அவள் இடுப்பில் கை வைத்து, வானத்தைப் பார்த்து நின்றாள். விட்டதும் பாய்ந்து வெளியே வந்தாள். ஒளிபரப்புக்காரர்கள் அந்த நேரம் பார்த்துப் படத்தை மாற்றி, முந்தின நாள் நூறு மீட்டரில் ஜெயித்தவரின் பேட்டியைப் போட்டார்கள். அண்ணன் சோபாவிலிருந்து எழுந்தே விட்டார். "ஏய், என்ற புள்ளய எங்கடா காணோம்! இவன ஆரு கேட்டா இப்ப!" என் வீட்டுக்காரர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

கடைசிச் சுற்றில் அவள் நாலு பேரைப் பிடித்துவிட்டாள். ஐந்தாவது ஆளின் தோளருகே வந்தபோது தலைமை நடுவர் குறுக்கே வந்து சிவப்பு அட்டையை அவள் முகத்துக்கு நேராக நீட்டினார். நாலாவது. முடிந்தது. அவள் நின்று, தலையைக் குனிந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ எங்கடா ஓடுனா? நடந்துட்டுத்தான வந்தா! கண்ணு தெரியலையா இவனுகளுக்கு?" அண்ணன் டிவியைப் பார்த்துக் கத்தினார். பக்கத்து வீட்டில் கேட்டிருக்கும்.

அவள் கடைசியாக வந்த வேகத்தை மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். இரண்டு கால்களும் தரையில் இல்லை. பளிச்சென்று தெரிந்தது. "அட, ஆமா" என்றார் அண்ணன், குரல் இறங்கி.

நான் டீச்சர் சொன்னதை அப்படியே சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. "கடைசிச் சுத்துல ஓடிப்போட்டாளுங்க. அதான் வெளிய அனுப்பிப்போட்டாங்க."

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். டிவியில் அந்தப் பெண்ணுக்கு யாரோ துண்டு போர்த்தித் தண்ணீர் கொடுத்தார்கள். அவள் குடித்துவிட்டு நடந்து போனாள். அவள் கழுத்தை யாரும் பார்க்கவில்லை.

"ஆனா அன்னிக்கு நீ ஓடலதான?" என்றார் அண்ணன். பரிவாகத்தான் கேட்டார். நான் ஓடவில்லை, நடுவர்தான் தப்பு செய்துவிட்டார் என்று சொன்னால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"இல்லீங்ணா. ஓடினேன். முன்னால போனவளத் தாண்டோணும்னு ஆச வந்துபோச்சு. தெரிஞ்சேதான் ஓடினேன். அதுக்கு அந்த நடுவர் குடுத்த தண்டன சரி. போட்டிய உட்டு வெளிய. அங்கயே முடிஞ்சுபோச்சு. அதுக்கு மேல நீங்கெல்லாம் குடுத்தீங்களே, அது எதுக்குங்ணா? இவளுக்கு ரெண்டு நிமிசம். எனக்கு இருவத்தாறு வருசம். கயித்துக்குள்ளயே நின்னுட்டு, நீங்க சொல்றதுக்கெல்லாம் சிரிச்சுட்டு. இனி எந்தப் பொண்ணோட மாமன் என்ன கேட்டாலும் சரி, நான் வெளிய வந்துட்டேன். ஈரோட்டுக்குப் போறேன்."

வருஷக்கணக்காகக் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்ததைவிடக் கொஞ்சம் நீளமாகவே சொல்லிவிட்டேன். அண்ணன் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. காலிச் சாக்கை மடித்து எடுத்துக்கொண்டார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "வாரேன் அம்மணி" என்றார். சாதாரணமாக "வாரேன்" என்றால் நான் "சரிங்ணா" என்பேன். அன்றைக்குத் தலையை மட்டும் ஆட்டினேன். இளநீரை என் வீட்டுக்காரர் தனியாக உட்கார்ந்து குடித்தார். யாரிடம் சொன்னாலும் அண்ணனிடம் சொல்லியிருக்கக் கூடாது என்று அவராகவே ஒத்துக்கொண்டார்.

ஈரோட்டில் ஆறு பேர் நடந்தோம். மேடையில்லை, கேமரா இல்லை, மோர்ப் பந்தல் ஒன்று இருந்தது. எனக்கு இரண்டு சிவப்பு அட்டை விழுந்தது. கடைசிச் சுற்றில் எனக்கு முன்னால் ஒரு பல் டாக்டரம்மா போய்க்கொண்டிருந்தார், ஜடை இல்லை, கிராப்பு. எட்டிப் பிடித்துவிடலாம் என்று கால் துடித்தது. அடக்கினேன். நாலாவதாக வந்தேன். கோட்டைத் தாண்டிய பிறகு என்னையறியாமல் கத்தினேன், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று இன்னொரு தடவையும் கத்தினேன்.

பிறகு செல்போனை எடுத்து மண்டிக்கு அடித்தேன். அண்ணனுடைய செல்லுக்கு இல்லை. மண்டியில் அந்தப் பழைய போன் இன்னும் இருக்கிறது, நம்பருக்கு முன்னால் ஒரு எண் சேர்ந்ததுதான் மாற்றம். மணி வெகுநேரம் அடித்தது. அண்ணன்தான் எடுத்தார். பின்னால் லாரி உறுமுகிற சத்தம் கேட்டது.

"ஆருங்க?"

"உங்க ஊட்டுப் புள்ள கடைசிச் சுத்து வரைக்கும் நடந்துபோட்டாளுங்க."

லாரிச் சத்தம் மட்டும்தான். இந்தத் தடவையும் வைத்துவிடுவாரோ என்று நினைத்தேன். பிறகு, வாயை அந்தண்டை திருப்பிக்கொண்டு, "டேய், வண்டிய ஆஃப் பண்ணுங்கடா!" என்று அவர் போட்ட சத்தம் கேட்டது. இரைச்சல் நின்றது.

"சரியாக் கேக்கலீங்க" என்றார் அண்ணன். "இன்னொருக்கா சொல்லுங்க."

சொன்னேன்.